கீழ்வட்டைக்குள் எருமை இறங்கிய செய்தி

என் ராத்தாவின் பாதியாய் இருந்த மச்சானுக்கு,

நீங்கள் உறங்கும் கபுறின் மேல் அல்லாஹ்வின் ரஹ்மத்து மழையாக இறங்கட்டும். எங்கள் மேல் ஒரு துளியும் இறங்கவில்லை. கச்சான் காற்று அடுப்பு வாயிலிருந்து வருவதுபோல் வீசுகிறது. குளத்தில் தாமரைக் கிழங்கு வெளியே தெரிகிறது. மலைப்பக்கத்துப் பெரிய அணைத் தண்ணீர் நம் சவளக்கடைப் பக்கத்துக்கும் வரப்போகிறதாம். வெள்ளிக்கிழமை தோறும் யாராவது சொல்கிறார்கள். வாய்க்கால் இன்னும் வெட்டவே இல்லை.

நீங்கள் மௌத்தான பிறகு வந்த முதல் சிறுபோக வேளாண்மை இது. குளத்துத் தண்ணீரைப் பங்கிட்டு விடும் உங்களுடைய வட்டவிதானை வேலை இப்போது ஹயாத்து போடியாரிடம் இருக்கிறது. மேல்வட்டை வயல்வெளியில் பாதி அவருடையது. குளத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிற மனிதனுக்குக் கீழே இருக்கிறவனின் தாகம் எப்படித் தெரியும்?

உங்களுக்குத் தெரிந்ததையே எழுதுகிறேன், இதைப் படிக்கும் மற்றவர்களுக்காக. தண்ணீர் குறைந்த வருடத்தில் கீழ்வட்டையைத் தரிசாக விட்டு, மேல்வட்டையை எல்லோரும் பங்குபோட்டு விதைப்பது நம் குளத்தின் வழக்கம். தண்ணீர் நல்லாயிருக்கும் வருடங்களில் கீழ்வட்டைக்காரரும் வந்து குளக்கட்டுக்கு மண் போடுகிறார்கள் அல்லவா, அதற்கு இது கூலி. எழுத்தில் இல்லை. உங்கள் வாயில் இருந்தது.

இந்த முறை கூட்டுறவுச் சங்கம் விதைநெல்லுக்கும் உரத்துக்கும் கடன் கொடுத்தது. நல்ல காரியம்தான். ஆனால் தன் பேரில் உள்ள காணியில் விதைத்தவனுக்கு மட்டும் கடன். அடுத்தவன் வயலில் பங்குக்கு விதைத்தால் இல்லை. கடன் வேண்டுமென்று அவனவன் தன் தன் காணியில் விதைத்துவிட்டான், மேலும் கீழும் ஒரு முழம் விடாமல். குளத்தில் இருந்ததோ பாதிக்கும் போதாத தண்ணீர்.

விதைப்புக்கு முந்திய கூட்டத்திலேயே நான் எழும்பிச் சொன்னேன், பழைய மாதிரியே பங்குபோடுங்கள் என்று. ஹயாத்து போடியார் வெற்றிலையைத் துப்பிவிட்டுக் கேட்டார்: "சங்கம் காசு குடுக்குதெண்டு நெல்லு முதலாளிக்கு வயிறெரியுது போல. மருந்து வாங்கித் தரவா தம்பி?" கூட்டம் முழுக்கச் சிரித்தது. சிரித்ததிலும் பிழையில்லை. நான் அறுவடைக்கு முன்பே காசு கொடுத்து, விலையைக் குறைத்து நெல் எடுக்கிறவன்தான். தலையில் கருவாட்டுக் கடகம் சுமந்து தொடங்கிய வியாபாரம், தர்மச் சத்திரமல்ல. ஆனால் குளத்தில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறதென்று பார்க்க யோக்கியன் வேண்டுமா, மச்சான்? கண் இருந்தால் போதாதா?

என் உடன்பிறந்த ராத்தாவும் கேட்கவில்லை. வாப்பா சீதனமாகக் கொடுத்த அந்தக் கீழ்வட்டைக் காணியை வைத்துச் சங்கக் கடன் எடுத்தார். "உன்ட காசுக்கு நெல்லு குடுத்தா வருசம் முழுக்க உனக்குத்தான் அறுக்கணும் தம்பி" என்றார். ஓம், அதுவும் உண்மை.

இப்போது பயிர் குடலைப் பருவத்தில் நிற்கிறது. கதிர் வெளிவரத் தண்ணீர் வேண்டும். இருக்கும் தண்ணீரை இரண்டு வட்டைக்கும் பிரித்தால் இரண்டும் பதர். மேல்வட்டைக்கு மட்டும் விட்டால் அதுவாவது நெல்லாகலாம். ஆகலாம் என்றுதான் சொல்கிறேன். போன கிழமை கீழ்வட்டைக்காரர் மண்வெட்டியோடு, குளத்துத் தண்ணீரைத் திறக்கும் துரிசடியில் உட்கார்ந்துவிட்டார்கள். மேல்வட்டைக்காரர் பொல்லுத் தடிகளோடு எதிரே நின்றார்கள். ஒரு குளத்தில் கைகால் கழுவி உளூ எடுத்து, ஒரே சஃப்பில் தோளோடு தோள் நின்று தொழுகிறவர்கள்.

நடுவே போய் நின்று சொன்னேன்: தண்ணீரை மேலுக்கு விடுங்கள், விளைவதை எல்லோரும் பங்குபோடுங்கள். ஹயாத்து போடியார் கேட்டார், என் வயலில் என் உரத்தில் விளைவதை ஏன் கொடுக்க வேண்டும் என்று. கீழே நின்ற அலியார் காக்கா கேட்டார், பச்சைப் பயிரை எவன் முதலில் சாகவிடுவான் என்று. நீங்கள் இருந்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று எல்லோருக்கும் தெரியும். அந்தப் பழைய வறட்சியில் செய்ததைத்தானே? உங்கள் எருமைகளை உங்கள் பயிருக்குள்ளேயே விட்டீர்கள். பிறகுதான் கீழ்ப்பயிரை விட்டுவிடும்படி மற்றவர்களிடம் வாயைத் திறந்தீர்கள். சீதனக் காணியை மாட்டுக்குக் கொடுத்தாரென்று ராத்தா எத்தனை நாள் உங்களோடு கதைக்கவில்லை!

மறுநாள் காலையில் குளக்கட்டில் ஒரு வண்டில் வந்து நின்றது. முக்காட்டை இழுத்துக்கொண்டு ராத்தா இறங்கினார். பின்னால் உங்கள் எருமைகள். நான் ஓடிப்போய் "வேணாம் ராத்தா, கடன் கிடக்கு" என்றேன். அவர் என்னைப் பார்க்கவுமில்லை. தன் வயலின் வேலிக் கடப்பைத் தானே கழற்றி, மாடுகளை உள்ளே விட்டார். மாட்டுக்கென்ன தெரியும், மச்சான்? நன்றாகத் தின்றன.

பிறகு பொல்லுகளுக்கு நடுவால் நடந்து போடியாரிடம் போனார்.

"விதானையார், என்ட பயிர் மாட்டுக்குப் போயிட்டு. என்ட தண்ணி இனி உங்கட வயலுக்குத்தான் பாயும். அறுக்கக்குள்ள என்ட பங்கு எவ்வளவெண்டு இவங்கட முன்னுக்குச் சொல்லுங்க."

போடியார் குளத்தைப் பார்த்தார், மாடுகளைப் பார்த்தார். "அறுக்கக்குள்ள பாப்பம்" என்றார்.

அலியார் காக்கா எழும்பிப் போய்த் தன் மாடுகளைக் கொண்டுவந்தார். பின்னேரத்துக்குள் கீழ்வட்டை முழுவதும் மாடுகள் நின்றன. ஆம்பிளைகள் வரம்பில் குந்தியிருந்து பார்த்தார்கள். ராத்தா வண்டிலுக்குள் இருந்து அழுதார். பயிருக்காகவா, உங்களுக்காகவா, நான் கேட்கவில்லை.

தண்ணீர் இப்போது மேல்வட்டைக்கு மட்டும் போகிறது. கதிர் முற்றும்வரை அது தாங்குமா, தெரியாது. முற்றினாலும் சங்கக் கடன் அப்படியே நிற்கிறது. "பாப்பம்" என்ற சொல்லை நம்பித்தான் இத்தனை குடும்பம் பச்சைப் பயிரை மாட்டுக்குக் கொடுத்திருக்கிறது.

ஆனால் ஒன்று எனக்குத் தெரியும், மச்சான். போடியார் தன் நெல்லை எனக்கு விற்றாலும் சங்கத்துக்குக் கொடுத்தாலும், களத்திலிருந்து அந்த மணல் பாதையால் ஏற்றிவர என் லொறி ஒன்றுதான் இருக்கிறது. கீழ்வட்டைக்காரரின் பங்கை அளந்து கொடுக்கும்வரை அதன் சக்கரம் உருளாது. அவர் நெல் களத்திலேயே முளைத்தாலும் உருளாது. என் வியாபாரமும் அதோடு கெடட்டும். நெல் விளைந்தால் இது நான் உங்களுக்குத் தரும் வாக்கு. விளையாவிட்டால், ராத்தாவின் அடுக்களை அடுப்பு என் பொறுப்பு.

துஆவோடு,
உங்கள் சீதனக் காணிக்காரியின் தம்பி,
கல்முனையிலிருந்து.