கிராபிக்ஸ் கார்டுக்கு ஒரு லிட்டர் தண்ணீர்

மே 14, வியாழன்

கத்திரி வெயில். ஒத்தக்கடையில் ரோட்டுத் தார் செருப்பில் ஒட்டுகிறது.

இன்று காலை 10.20-க்கு, நீண்ட ஆலோசனைக்குப் பின், முக்கியமான முடிவு ஒன்று எடுக்கப்பட்டது. கம்ப்யூட்டரின் கிராபிக்ஸ் கார்டை இனி காற்றால் அல்ல, தண்ணீரால் குளிரவைப்பது. ஆலோசனையில் கலந்துகொண்டவர்: நான். எதிர்ப்பு இல்லை.

மனைவி என்ற முறையில் வசந்திக்கு முதலில் தெரிவித்தேன்.

"வீட்டுக்கே வாரம் ஒரு லாரி தண்ணி வாங்குறோம். அது எம்புட்டு குடிக்கும்?"

ஒரு லிட்டர் என்றேன்.

"ஒரு நாளைக்கா?"

காரணம்: கார்டு 93 டிகிரியைத் தொட்டதும் தானாக நின்றுவிடுகிறது. திருவாதவூர் ரோட்டில் ஒரு பொட்டல். அதில் வரப்போகும் வீடுகள், வராத புல்வெளி, நடுவே நீரூற்று. இதை நான்கு நிமிட அனிமேஷனாக நான் செய்துகொடுக்க வேண்டும். 25-ம் தேதி பூமி பூஜையில் பெரிய திரையில் ஓட்ட வேண்டும். கொடுத்தால் அந்த வீடுகளைக் கட்டும் புரமோட்டரின் மற்ற சைட்டுகளும் எனக்கே. கொடுக்காவிட்டால் வசந்தியின் அண்ணன் முருகேசனுடைய டைல்ஸ் கடை. "ஒண்ணாந்தேதி வந்து உக்காருங்க மாப்ள" என்று மூன்று மாதமாகச் சொல்கிறார். மாதம் மட்டும் மாறுகிறது.

மே 15, வெள்ளி

வெயில், அதே.

வாட்டர் பிளாக் என்பது சிப் மேல் உட்காரும் செம்புக் கட்டி. உள்ளே வாய்க்கால். அதில் தண்ணீர் ஓடிச் சூட்டை வெளியே கொண்டுபோகும். எளிய விஷயம். ஆனால் என் கார்டு ஒரே பெயரில், ஒரே பெட்டியில், மூன்று விதமான போர்டுகளோடு வருகிறதாம். ஒன்றுக்குச் செய்த பிளாக் மற்றதற்கு உட்காராது.

பார்க்க வேண்டியவை:
– போர்டு நீளம்
– திருகு ஓட்டைகளின் இடைவெளி
– கெப்பாசிட்டர்களின் உயரம்
– வசந்தி எந்த மனநிலையில் இருக்கிறாள்

சென்னைக் கடைக்குப் போன். "போர்டு நம்பர் சொல்லுங்க சார்." எங்கே இருக்கும்? "மேல இருக்கிற ஃபேனக் கழட்டுனாத் தெரியும் சார்."

ஃபேனின் ஒரு திருகு மேல் சின்ன ஸ்டிக்கர். கிழிந்தால் வாரன்டி போச்சு. வாரன்டி இன்னும் நான்கு மாதம்.

மே 16, சனி

காலை முழுக்க டார்ச் அடித்து, ஃபேன் இடுக்கு வழியாகக் கெப்பாசிட்டர்களை எண்ணினேன். முதல் முறை 11. இரண்டாம் முறை 13. கல்லூரியில் எட்டு வருடம் கௌரவ விரிவுரையாளராக இருந்தபோது எந்த நூலையும் இவ்வளவு கவனமாக வாசித்ததில்லை.

கம்ப்யூட்டர் கடை செந்திலிடம் கேட்டேன்.

"ஸ்டிக்கரைக் கிழி மாப்ள."

"வாரன்டி?"

"வாரன்டிய வச்சு என்ன, வரதட்சணையாக் குடுக்கப் போறியா? கிழிச்சுப் பாரு. ரெண்டு நிமிசம்."

கிழிக்கவில்லை. பொறுப்புள்ள மனிதன். இணையத்துப் படங்களோடு ஒப்பிட்டு, இரண்டாவது வகை என்று முடிவுசெய்து, பிளாக், பம்ப், ரேடியேட்டர் எல்லாம் ஆர்டர்.

"எல்லாம் பொருந்துமா?" வசந்தி.

பொருந்தும் என்றேன்.

"நமக்குக்கூட ஜாதகத்துல பத்துப் பொருத்தமும் இருந்துச்சு" என்று சொல்லிவிட்டுத் துணி காயப்போடப் போனாள்.

மே 18, திங்கள்

டேபிள் ஃபேனைக் கார்டுக்குத் திருப்பி வைத்தேன். எங்களுக்கு விசிறி. 91 டிகிரி. மதியம் மறுபடியும் 93.

டீக்கடையில்:
"வெயிலுக்குப் பண்ணையில கோழியாச் சாகுதுண்ணே."
"அப்ப இன்னைக்கு எந்த ஓட்டல்லயும் சாப்பிடாத."

மே 20, புதன்

பார்சல் வந்தது. பிளாக் அழகு. கையில் எடுத்தால் கனம், குளுமை. மாட்டுவதற்காகக் கார்டின் ஃபேனைக் கழற்றினேன். கழற்ற, ஸ்டிக்கரைக் கிழித்தேன்.

கிழித்த பிறகுதான் உறைத்தது. எந்த பிளாக் வாங்கினாலும் இதைக் கிழித்தே ஆக வேண்டும். சனிக்கிழமை கிழித்திருந்தால் நம்பர் தெரிந்திருக்கும். நான்கு நாள் எதைக் காப்பாற்றினேன் என்று யோசித்துக்கொண்டு திருப்புளியோடு உட்கார்ந்திருந்தேன்.

போர்டு மூன்றாவது வகை. ஓரத்தில் நான்கு கெப்பாசிட்டர்கள் பிளாக்கில் முட்டுகின்றன. ஒரு மில்லிமீட்டர்.

கடை: "கவர் பிரிச்சா ரிட்டர்ன் இல்ல சார். சரியான மாடல் வெளிநாட்டுல இருந்து வரணும். மூணு வாரம்."

இருப்பது ஐந்து நாள்.

மே 21, வியாழன்

கீழவாசல் பக்கம் காதர் பாய் லேத் பட்டறை. பிளாக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எந்த வண்டிக்கு இது?"

கம்ப்யூட்டருக்கு என்றேன். இந்த ஓரத்தில் ஒரு மில்லி சீவி இறக்க வேண்டும்.

"எறக்கிரலாம். உள்ள தண்ணி வழி எங்கிட்டுப் போகுது?"

தெரியாது.

"அறுத்துப் பாத்தாத் தெரியும். அறுத்துட்டா அப்புறம் தெரிஞ்சு என்ன செய்ய?" சிரித்தார். பிறகு சிரிக்காமல், "வேணாம் சார். சொவரு எம்புட்டு மிஞ்சும்னு எனக்கே தெரியல."

இறக்குங்கள் என்றேன். இரண்டு தடவை கேட்டார். இரண்டு தடவையும் சொன்னேன். இங்கே எழுதி வைக்கிறேன், பின்னால் அவரைச் சொல்லக் கூடாது என்று.

மே 22, வெள்ளி

பிளாக் கார்டில் உட்கார்ந்துவிட்டது. பேட்டரிக் கடையில் டிஸ்டில்டு வாட்டர் ஒரு லிட்டர். சுற்றிலும் டிஷ்யூ பேப்பர் வைத்து 24 மணி நேரம் கசிவு பார்க்க வேண்டும் என்கிறது குறிப்பு. நான்கு மணி நேரம் பார்த்தேன். காகிதம் காய்ந்தே இருந்தது.

51 டிகிரி. ஐம்பத்தொன்று! வசந்தியைக் கூப்பிட்டுக் காட்டினேன். "நம்ம வீட்டுலயே அதுக்குத்தான் நல்லா இருக்கு" என்றாள். சிரித்தாள். வெகுநாளைக்குப் பின் இருவரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டோம்.

காட்சிகளைப் படமாக்கும் ரெண்டரிங் தொடங்கியாயிற்று. ஞாயிறு காலை முடியும்.

மே 23, சனி

மதியம் 2.10. 58 சதவீதம். திரை அணைந்தது. கருகிய வாடை.

இறக்கிய ஓரத்தில் ஊசிமுனை அளவு ஈரம். அங்கிருந்து ஒரே ஒரு கோடு, கார்டின் மேல், நேராக.

மூன்று முறை ஆன் செய்து பார்த்தேன். நான்காவது முறைக்குக் கை போகவில்லை. வசந்தி வந்து பார்த்தாள். துணியால் மேஜையைத் துடைத்தாள். என்ன ஆச்சு என்று கேட்டிருக்கலாம். நாற்பத்திரண்டு வயதில் ஒரு மனிதன் சும்மா உட்கார்ந்திருந்தால் ஏதாவது கேட்பதுதான் முறை.

செந்தில் வந்து பார்த்தான். "செத்துருச்சு மாப்ள." அதற்கு மேல் கேலி செய்யவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

மே 24, ஞாயிறு

புரமோட்டரின் மேனேஜருக்குப் போன். பாதிதான் இருக்கிறது, நீரூற்று வருவதற்கு முன்பே நின்றுவிடுகிறது என்றேன்.

"பாதிப் படம் போட்டா பாதி வீடுதான் தருவோம்னு நெனப்பாங்க சார். விடுங்க, பிளெக்ஸ் அடிச்சுக்கிறோம்."

மற்ற சைட்டுகள்?

"அதுக்குச் சென்னைல ஒருத்தர்கிட்டப் பேசியாச்சு சார். வச்சிரட்டுமா?"

மாலை மச்சான் முருகேசனுக்குப் போன் செய்தேன்.

ஜூன் 1, திங்கள்

மேகமூட்டம். மழை இல்லை.

காலை 9.00, டைல்ஸ் கடை. வருகைப் பதிவேட்டில் என் பெயர் நான்காவது.