அப்பா பாட்டுக்கு விழுந்த எண்

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் சுகம். உங்கள் இருமல், அம்மாவின் முழங்கால் வலி இரண்டையும் பற்றி மறைக்காமல் எழுதுங்கள்.

என் வேலை தெரியுமே, வந்து சேரும் ஒவ்வொரு ஒலிப்பதிவுக்கும் ஓர் அடையாள எண் கொடுப்பது. அதே பாட்டை அதே ஆள் மறுநாள் பாடினாலும் அது வேறு பதிவு, வேறு எண். ஒரு முறை கொடுத்த எண்ணை இன்னொன்றுக்குத் தரக் கூடாது.

போன வியாழன் மதியம், ஜன்னல் வெயிலில் ஹெட்போனோடு கிறங்கிப் போயிருந்தேன். வண்டி துடைத்துக்கொண்டே நீங்கள் பாடி அனுப்பியது வேலைக் கோப்புகளோடு கலந்திருக்கிறது. தூக்கக் கலக்கத்தில் அதற்கும் எண் போட்டுவிட்டேன்!

எங்கள் மேலாளர் அந்தப் பதிவைக் கேட்டுவிட்டு என்னிடம் வந்தார். "பாட்டு பரவாயில்ல. நடுவுல யாரோ திட்டுறாங்களே, யாரு?"

"எங்க அம்மா."

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "போட்டது போட்டாச்சு, அந்த எண் இனி அப்பாவுக்குத்தான். பாடினவர் பேரை ஒழுங்கா எழுது."

அவ்வளவுதான், கவலைப்படாதீர்கள்.

மறுபடி பாடி அனுப்புங்கள். அம்மாவின் திட்டு, வாளிச் சத்தம் எதையும் வெட்ட வேண்டாம். தினம் ஒன்று வந்தாலும் எண்ணுக்குப் பஞ்சமில்லை.

பஸ் நிறுத்தத்தில் உங்கள் பாட்டைக் கேட்டுக்கொண்டே இதை எழுதுகிறேன், பஸ் வந்துவிட்டது. பாட்டின் கடைசியில் "கண்ணு, கேக்குதா?" என்கிறீர்கள். பாட்டு வந்த அன்று கடைசி வரை நான் கேட்கவேயில்லை. இப்போது கேட்கிறது அப்பா.

உங்கள் மகள்