பதினேழரை செக்கன்

நானா,

இன்று காலை காரின் முன்கண்ணாடியைத் துடைத்தேன். சோளகக் காற்று தொடங்கிவிட்டதால் விடிவதற்குள் உப்பு வந்து படிந்துவிடுகிறது. வங்காலையில் அதற்கு மட்டும் குறைவில்லை. ஈரத்துணியால் ஓர் இழுப்பு இழுத்ததும் கண்ணாடியின் நடுவில் தேநீர்க் கோப்பையின் அடி அளவுக்கு ஒரு வட்டம் தெரிந்தது. எத்தனை தரம் துடைத்தும் போகவில்லை. பிறகுதான் விளங்கியது, அது அந்தப் பெட்டி ஒட்டியிருந்த இடம். துணியை வாளிக்குள் போட்டுவிட்டு மகளைக் கூப்பிட்டேன். எனக்கு இலக்கம் தெரியும், எழுத்து வராது. நான் சொல்லச் சொல்ல அவள் எழுதுகிறாள்.

அந்தப் பெட்டியின் கதை உங்களுக்குத் தெரியாததா? தெரிந்தாலும் நான் முதலில் இருந்துதான் சொல்வேன். நடுவில் இருந்து தொடங்க எனக்கு வராது.

என் காரின் எஞ்சின் இறுகி நின்றுபோனபோது மூன்று கராஜ்காரர்கள் பார்த்தார்கள். மூன்று பேரும் பழைய இரும்புக்குப் போடச் சொன்னார்கள். கட்டுக்கரைப் பக்கத்து விவசாயி ஒருவரின் உழவு இயந்திரத்தில் கட்டி உங்கள் ஊர் மறிச்சுக்கட்டிக்கு இழுத்து வந்தேன். வழியெல்லாம் அந்த மனிதர் தன் வயலில் பன்றி புகுந்த கதையைச் சொன்னார். அது நல்ல கதை, இன்னொரு நாள் சொல்கிறேன். இடம்பெயர்ந்து இருந்த புத்தளத்தில் இருந்து திரும்பி வந்து, காடு வெட்டி, தகரக் கொட்டில் போட்டு நீங்கள் கராஜ் தொடங்கிய காலம் அது. பொனட்டைத் திறந்து, மூக்கை உள்ளே விட்டு மணந்து பார்த்தீர்கள்.

"இது சாகேல்ல மரியான். மூச்சடைச்சுக் கிடக்குது."

ஏழு மாதம் வேலை செய்தீர்கள். கிடைக்காத சாமானைக் கடைந்து எடுத்தீர்கள். நோன்பு நாட்களிலும் எஞ்சினுக்குப் பக்கத்தில்தான் இருந்தீர்கள். கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வந்து காரின் திறப்பைப் போட்டுத் திருப்பினீர்கள். ஒரே முறுக்கில் எஞ்சின் பிடித்தது.

அந்த நேரம் பார்த்துத்தான் என் அக்காவின் மகன் ஜெராட் கனடாவில் இருந்து விடுமுறைக்கு வந்து நின்றான். பொல்லாத பிள்ளை இல்லை, வாய்தான் கொஞ்சம் நீளம். உங்கள் கராஜில், வேலைக்கு வந்திருந்த ஆட்கள் எல்லாரும் கேட்க, "மாமா, இந்த எஞ்சினுக்குச் செத்தவீடு செய்யுங்கோ. இது ஓடுற சத்தமில்ல, ஊருற சத்தம்" என்றான். உங்கள் முகம் எப்படி மாறியது என்பது இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது. நீங்கள் கோபப்படவில்லை. கையைத் துடைத்தீர்கள்.

"எவ்வளவு ஓடினா அது எஞ்சின் எண்டு நீ சொல்லுவாய், தம்பி?"

அவன் போனைத் தட்டிப் பார்த்தான். "இது புதுசா வந்த காலத்தில, நிண்ட இடத்தில இருந்து எண்பது கிலோமீற்றர் வேகம் பிடிக்கப் பதினெட்டு செக்கன் எடுத்ததாம்."

"பதினெட்டுக்கு மேல போனா இந்தக் கராஜ் திறப்பை உன்ட கையில தாறன். இனி ஒருத்தன்ட எஞ்சினிலயும் நான் கை வைக்க மாட்டன்."

கராஜுக்குள் நின்றவர்கள் வேலையை விட்டுவிட்டுக் கிட்ட வந்தார்கள். நான்தான், "நானா, விடுங்கோ, சின்னப் பிள்ளை" என்றேன். நீங்கள் கேட்கவில்லை. உங்கள் சொல் போனால் போனதுதான்.

அடுத்த ஞாயிறு முதற்பூசை முடிந்த கையோடு மன்னார்த் தீவுக்குள் போனோம். உப்பளத்துக்குப் பின்னால் ஆள் போகாத நேர்த் தெரு ஒன்று இருக்கிறதே, அங்கே. ஜெராட் நெருப்புப் பெட்டியிலும் கொஞ்சம் பெரிய கறுப்புப் பெட்டி ஒன்றைக் கண்ணாடியில் ஒட்டினான். வானத்தில் சுற்றுகிற செய்மதிகளிடம் கேட்டுக் கேட்டு அது காரின் வேகத்தைக் கணக்குப் பார்க்குமாம். கார் அசைந்த உடனே தானே தொடங்கும், எண்பது வந்ததும் எத்தனை செக்கன் என்று காட்டும்.

"மேல இருந்து பாக்கிறதுக்கு அதுகளுக்கு வேற கார் கிடைக்கேல்லயா?" என்று கேட்டீர்கள்.

காற்றோடு ஓடினால் ஒரு கணக்கு, காற்றை எதிர்த்து ஓடினால் இன்னொரு கணக்கு என்று நான் சொன்னேன். வள்ளத்தோடு கடலில் கிடந்தவனுக்கு அது தெரியாதா? போயும் வந்தும் ஓடி, இரண்டையும் கூட்டிப் பாதி எடுப்பதென்று முடிவானது. நடுத்தெருவில் ஒரு கழுதை நின்றது. உங்கள் தொப்பியை ஆட்டினீர்கள், கத்தினீர்கள், அசையவில்லை. ஜெராட் தான் தின்னக் கொண்டுவந்த பணிஸ் ரொட்டியைக் கொடுத்த பிறகுதான் போனது. கனடாப் பிள்ளையிடம் வரி வாங்கிவிட்டது என்று சிரித்தோம். அன்று அதற்குப் பிறகு கனநேரம் நாங்கள் சிரிக்கவில்லை.

நான் ஓட்டினேன். நீங்கள் பக்கத்தில். ஜெராட் தெருவோரம் நின்றான். போய் வந்ததும் பெட்டியைப் பார்த்து, குரல் இறங்கிச் சொன்னான்.

"போனது இருபது புள்ளி மூண்டு. வந்தது பதினெட்டு புள்ளி ஐஞ்சு. பாதி எண்டா பத்தொன்பது புள்ளி நாலு." பிறகு, "நானா, நான் பகிடிக்குத்தான்..." என்றான்.

நீங்கள் இறங்கி, இடுப்புப் பட்டியில் இருந்த திறப்பைக் கழற்றிப் பொனட்டில் வைத்தீர்கள். அந்தச் சத்தம் எனக்கு நெஞ்சில் விழுந்தது. காரின் உடம்பில் கையை வைத்தபடி மெதுவாக ஒரு சுற்று நடந்தீர்கள். காரிடம் விடைபெறுகிறீர்கள் என்று நினைத்தேன். பின்பக்கம் போனதும் குந்தினீர்கள்.

"மரியான்."

"ஓம் நானா."

"ஏறின ஆள் இறங்கியும் இது ஏன் பின்னால பதிஞ்சு நிக்குது? டிக்கிக்குள்ள என்ன?"

"ஒண்டுமில்ல நானா." கொஞ்சம் யோசித்தேன். "கல்லு மட்டும்தான்."

"என்ன கல்லு?"

"நங்கூரக் கல்லு. ரெண்டு. ஒரு சாக்கு மணலும்."

நானா, நான் பொய் சொல்லவில்லை, அது எனக்கு உண்மையிலேயே மறந்துபோயிருந்தது. கடலை விட்டுக் கார் வாங்கிய வருடம், மன்னார்ப் பாலத்தில் சோளகம் அடித்த அடியில் காரின் பின்பக்கம் அங்கும் இங்கும் ஆடியது. அடியில் பாரம் இல்லாமல் வள்ளம் எடுக்கிறவன் உண்டா? வீட்டுக்கு வந்ததும் என் வள்ளத்துக் கற்களை டிக்கியில் ஏற்றி, மேலே பாயை விரித்துவிட்டேன். இருபது வருடம் அது அங்கேதான் கிடந்தது.

"ஏழு மாசம் என்ட கராஜில நிண்டுது. நீ வாய் திறக்கேல்லயே!"

"நீங்கள் டிக்கி திறக்கேல்லயே நானா."

"அடுத்தவன் சாமான் வைக்கிற இடத்தை நான் ஏன் திறக்கிறது? எஞ்சின்தானே எனக்குத் தந்தனி?"

ஜெராட் சிரித்துச் சிரித்துத் தெருவிலேயே இருந்துவிட்டான். ஆனால் கற்களை இறக்க முதலில் கை கொடுத்தவனும் அவன்தான். பொனட்டில் இருந்த திறப்பையும் அவனே எடுத்து உங்கள் சட்டைப் பைக்குள் போட்டான். "இப்ப ஓடுங்கோ. நானாவும் இறங்கினா இன்னும் பறக்கும்."

"நான் இறங்க மாட்டன். என்ட எஞ்சினை நான் காதால கேக்கவேணும்."

அந்த ஓட்டத்தில் நீங்கள் பெட்டியைப் பார்க்கவே இல்லை. கண்ணை மூடிக்கொண்டிருந்தீர்கள். இரண்டாம் கியரில் எஞ்சின் பாடத் தொடங்கியதும் உங்கள் விரல் முழங்காலில் தட்டத் தொடங்கியது. போனது பதினெட்டு புள்ளி மூன்று. வந்தது பதினாறு புள்ளி ஏழு. ஜெராட் கூட்டிப் பாதி எடுத்து, "பதினேழரை!" என்று கத்தினான். மூன்று தரம் சொல்ல வைத்தீர்கள். பிறகு, "அல்ஹம்துலில்லாஹ். புதுசிலும் பாக்க நல்லாயிருக்கு" என்றீர்கள்.

கற்களை ஜெராட் வந்திருந்த வாடகைக் காரில் ஏற்றினோம். பாலத்தில் ஏறும்போது வேகத்தைக் குறைத்தேன். கல் இல்லாமல் நான் அந்தப் பாலத்தைக் கடந்ததே இல்லை. கார் ஆடவில்லை.

"அண்டைக்கு ஆட்டினது காத்து இல்ல, மரியான். ஸ்ரியரிங் தேய்ஞ்சு கிடந்தது. அதை நான் நாலாம் மாசமே மாத்திப்போட்டன்."

சொல்லிவிட்டு, எட்டிக் கையை நீட்டி ஹோனை அமத்தினீர்கள். பாலம் முடியும் வரைக்கும் எடுக்கவில்லை. கொக்கெல்லாம் எழும்பிப் பறந்தது.

இந்த இடத்தில் மகளை எழுத்தை நிறுத்தச் சொல்லிவிட்டு ஒரு வேலையாகப் போய்வந்தேன். காரணம் இருக்கிறது. நீங்கள் போய்ச் சேர்ந்த பிறகு உங்கள் கராஜை உங்கள் மருமகன் நடத்துகிறார், அதே திறப்புத்தான். போன கிழமை அங்கே ஒருவன், "நானாவோட அந்த எஞ்சினும் போயிருக்கும்" என்றானாம். அது எனக்குள் முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது. பெட்டியை ஜெராட் எனக்கே தந்துவிட்டுப் போயிருந்தான். அதே வட்டத்தில் ஒட்டினேன். அதே தெரு, அதே சோளகம். போய் வந்து பார்த்தால் பாதிக் கணக்குப் பதினாறே முக்கால்.

சந்தோசப்பட்டிருக்கலாம். ஆனால் பக்கத்துச் சீற்றில் நீங்கள் இல்லையே நானா. நீங்கள் இறங்க மாட்டேன் என்றவர். உங்களை இறக்கிவிட்டு எடுத்த கணக்கை நான் எப்படி ஒத்துக்கொள்வது? வீட்டுக்குத் திரும்பி வந்து, கோழிக்கூட்டுக்குப் பக்கத்தில் கிடந்த நங்கூரக் கற்களில் பெரியதைத் தூக்கினேன். உங்கள் எடைதான் இருக்கும், நீங்கள் ஐம்பது கிலோவைத் தாண்டாத மனிதர். சீற்றில் வைத்து வலைக்கயிற்றால் கட்டினேன்.

"அப்பா, கல்லுக்கு முன்சீற்றா?" என்று மகள் சிரித்தாள்.

"அவர் பின்னால இருக்க மாட்டார், பிள்ளை."

திரும்பவும் போனேன். போனது பதினெட்டு புள்ளி இரண்டு. வந்தது பதினாறு புள்ளி எட்டு. கூட்டிப் பாதி எடுத்தேன். சரியா என்று இன்னொரு தரம் கூட்டினேன்.

பதினேழரை, நானா. ஒரு பொட்டும் குறையவில்லை.

வரும்போது பாலம் முழுக்க ஹோனில் இருந்து கையை எடுக்கவில்லை. கல்லை இன்னும் இறக்கவில்லை. நாளைக்குக் காலையில் மறிச்சுக்கட்டிக்குப் போகிறேன். எஞ்சின் போயிருக்கும் என்ற அந்த ஆள் அங்கே நின்றால் போயும் வந்தும் ஓடிக் காட்டுவேன். ஏறிப் பார்க்கக் கேட்டால், பின்சீற்றில்தான் இடம்.

உங்கள்,
மரியான்