புது வீட்டில் பொங்காத பால்

அன்பு மகள் பிரேமினிக்கு, அப்பா எழுதுவது. துபாயில் நீ நோய் நொடி இல்லாமல் இருக்க மாரியம்மன் துணை. இங்கே நாங்களும் சுகம் என்று எழுதத்தான் ஆசை. போனில் சொல்ல முடியாத விஷயம், அதனால்தான் கடிதம்.

புது வீட்டுக்கு வந்து ஒன்றரை மாதம் ஆகிறது. இங்கே எல்லாமே கரண்டுதான். குசினியில் புகைபோக்கி இல்லை, விறகு அடுப்புக்கு இடமே விடவில்லை, மேடையில் கண்ணாடி போட்ட கரண்டு அடுப்பு ஒன்று இருக்கிறது. இனிப் புகை பட்டால் உன் அம்மாவின் நெஞ்சு தாங்காது என்று டாக்டர் சொன்னதால்தான் நானும் நடையாய் நடந்து இந்த வீட்டைக் கேட்டு வாங்கினேன். பால் காய்ச்சும் நாளில் அவள் தன் தாய் கொடுத்த பித்தளைப் பானையைத் தூக்கி வைத்தாள். அடுப்பு பீப் பீப் என்று கத்தியதே தவிர பால் சூடாகவில்லை. காந்தம் ஒட்டுகிற பாத்திரம்தான் வைக்க வேண்டுமாம், எங்களுக்கு யார் சொன்னார்கள்? நல்ல நேரம் முடியப்போகிறது, சனமெல்லாம் பார்த்துக்கொண்டு நிற்கிறது, அவள் பானையோடு நாம் இருந்த பழைய லயத்து வீட்டுக்கு ஓடி, அங்கே இருந்த விறகு அடுப்பில் பொங்கவைத்துக் கொண்டுவந்தாள். அன்றைக்குப் பிடித்தது வினை. நெருப்பு இல்லாத வீட்டுல சாமி எப்புடிங்க இருக்கும் என்று கேட்டுவிட்டு, தினமும் லயத்துக்குப் போய் தேயிலை மிலாறு விறகை ஊதி ஊதிச் சமைத்துத் தூக்கிவர ஆரம்பித்தாள், வழியெல்லாம் இருமல். நானும் கொட்டகலை பஜாரில் கடை கடையாகக் காந்தத்தை வைத்துப் பார்த்து இரண்டு சட்டி வாங்கி வந்தேன், அதில் அவள் துணி ஊறவைத்தாள். மழைக்குக் கரண்டு போனா பச்சத்தண்ணிகூட சுடாதுங்க என்கிறாள், அதுவும் பொய் இல்லை. சொல்லிச் சொல்லி எனக்கும் சலித்துவிட்டது.

போன செவ்வாய்க்கிழமை சமைக்கும்போதே மூச்சு முட்டி லயத்து வாசலில் உட்கார்ந்துவிட்டாள். பக்கத்து வீட்டு லெட்சுமிதான் தாங்கிப் பிடித்துக் கூட்டிவந்தாள். மறுநாள் இரண்டு பேரும் கிளினிக்குக்குப் போன நேரம் நான் மண்வெட்டியை எடுத்துப்போய் அந்த அடுப்பை உடைத்துவிட்டேன். வாரம் தவறாமல் அவள் மெழுகி வைத்த அடுப்பு. வந்து பார்த்தவள் அழவும் இல்லை, ஏசவும் இல்லை. இப்போது கரண்டு அடுப்பில்தான் சமைக்கிறாள், இருமலும் நன்றாகக் குறைந்திருக்கிறது. சோற்றை என் முன்னால் வைத்துவிட்டுப் போய்விடுகிறாள். ஆறு நாளாக என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

நேரத்துக்குச் சாப்பிடு, வெயிலில் அலையாதே. மாரியம்மன் உன்னைக் கண் போலக் காப்பாற்றட்டும். ஞாயிற்றுக்கிழமை மறக்காமல் போன் எடு. என்னைக் கேட்காதே, அம்மாவிடமே பேசு, அவசரமாக வைத்துவிடாதே. அவள் குரலையாவது நான் கேட்டுக்கொண்டிருப்பேன்.

இப்படிக்கு,
உன் அப்பா
நல்லமுத்து