பெரியவளின் பெயர்

அண்ணி,

வாளியில் சுண்ணாம்பு கொதிக்கிறது. தண்ணீரை ஊற்றியதும் குப்பென்று எழும்பிய அந்த வாடைதான் என்னை உட்கார்ந்து இதை எழுத வைத்தது. கல்லறைத் திருநாளுக்கு இன்னும் நான்கு நாள். கல்லறைக்குப் பெயின்ட் வாங்கி அடித்தால் அரை மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும் என்கிறான் என் மகன். முடியட்டும், அவன் காலத்தில் அடித்துக்கொள்ளட்டும். நான் கல்சுண்ணாம்புதான் வாங்குவேன். அந்த நாட்களில் நீங்கள் மூக்கில் முந்தானையைக் கட்டிக்கொண்டு குச்சியால் கிண்டுவீர்கள், நான் தும்மத் தும்ம உங்களுக்குச் சிரிப்பு தாங்காது.

எண்பதுகளில் ஒரு செப்டம்பர் கடைசி ஞாயிறு. பூசை முடிந்ததும் நம் பங்குச் சாமியார் ஓர் அறிவிப்பு வாசித்தார். கல்லறைத் தோட்டத்தில் இடம் இல்லை. பெயர் இல்லாத மேடுகளை, கல்லறைத் திருநாள் கழிந்தவுடன் தோண்டிப் புதுக் குழிகளுக்கு எடுத்துக்கொள்வார்கள். உரிமை உள்ளவர்கள் பெயரும் உறவும் சொல்லிப் பதிந்துகொள்ள வேண்டும்.

எங்கள் அப்பாவின் தாத்தா ராயப்பனும் அவர் மனைவி சூசையம்மாளும் ஒரே கல்லின் கீழே இருந்தார்கள். பக்கத்தில், தலைமாட்டில் வெறும் கருங்கல் நட்ட ஒரு மேடு. அப்பா இருந்தவரை அதிலும் ஒரு மெழுகுவத்தி ஏற்றி, “இது பெரியவளுக்கு” என்பார். ராயப்பனின் முதல் மனைவி. பிள்ளை இல்லாமல் சின்ன வயதிலேயே போய்விட்டாள். எங்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அப்பாவுக்கும் பெயர் தெரியாது.

நீங்கள் நேராகச் சாமியாரிடம் போனீர்கள்.

“அந்த மேடு எங்களுதுங்க சாமி.”

“பேரு என்னம்மா?”

“கொண்டாந்து தரேனுங்க.”

பெயர் என்னவோ வீட்டில் பெட்டிக்குள் இருப்பதுபோலச் சொன்னீர்கள். வழியெல்லாம் உங்களைக் கிண்டல் செய்துகொண்டே வந்தேன்.

பெட்டியையும் திறந்து பார்த்தோம். ராயப்பனின் மகனான எங்கள் தாத்தாவின் செபப் புத்தகத்தில் கடைசிப் பக்கங்களில் குடும்பத்தின் கலியாணம், பிறப்பு, சாவு எல்லாம் பென்சிலால் எழுதியிருந்தது. முதல் வரியே சூசையம்மாளில்தான் தொடங்கியது. அதற்கு முன்னால் எங்கள் குடும்பத்தில் யாருமே வாழாததுபோல இருந்தது அந்தப் பக்கம்.

அண்ணனுக்கு எரிச்சல். “நூறு வருசத்துக்கு முன்னாடி செத்தவளுக்கு இப்ப எதுக்கு அலைச்சல்? ஒனக்கும் அவளுக்கும் என்ன சம்பந்தம்?” என்று கேட்டார்.

நீங்கள் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தீர்கள். தலையை நிமிர்த்தவில்லை. “நானும் ரெண்டாவதா வந்தவதானுங்களே. மொதல்ல வந்தவ பேரை இந்த வூடு எப்படித் தொலைச்சுதுன்னு பார்த்துட்டு, நான் எப்படிங்க சும்மா இருக்கறது?”

அண்ணன் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். அவர் முதல் மனைவி ஸ்டெல்லா காய்ச்சலில் போய் இரண்டு வருடம் கழித்து நீங்கள் வந்தீர்கள். புதுப்பெண் மனசு நோகக் கூடாது என்று அம்மா சுவரிலிருந்த ஸ்டெல்லாவின் படத்தைக் கழற்றிப் பெட்டியில் வைத்திருந்தாள். மூன்றாம் நாள் அதை எடுத்துத் துடைத்து அதே ஆணியில் மாட்டியவர் நீங்கள். அன்று முதல் உங்களுக்கு அவள் ‘அக்கா’. இதெல்லாம் எனக்கு ஞாபகம் வந்தபிறகு, உங்களோடு அலைய மாட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை.

ராயப்பன் காலத்தில் எங்கள் ஊர் தனிப் பங்கு அல்ல. பழைய பதிவேடுகள் எல்லாம் அப்போது எங்கள் ஊர் சேர்ந்திருந்த தாய்ப்பங்குக் கோயிலில் இருந்தன. தருமபுரி போய் இன்னொரு பஸ் பிடிக்க வேண்டும். சனிக்கிழமை விடிந்ததும் பாலக்கோடு மார்க்கெட்டில் தக்காளியை இறக்கிவிட்டு, காலிக் கூடைகளோடு என் சைக்கிள் கடைக்கு வந்து நிற்பீர்கள். “தம்பி, கெளம்புங்க.” பஞ்சர் ஒட்ட வந்தவன் முகத்தைப் பார்க்காமல் நான் கதவைச் சாத்துவேன்.

அங்கே இருந்த வயதான சாமியாருக்கு லத்தீன் நன்றாகத் தெரியும். பொறுமைதான் அவ்வளவாகக் கிடையாது. “பத்துலேருந்து பன்னெண்டு வரைக்கும். அப்புறம் நான் சாப்பிடணும்” என்றார். முதல் சனிக்கிழமை இறப்புப் பதிவேடு. திறந்ததும் அவர் அங்கியெல்லாம் செல்லரித்த தூள். நமக்கு வேண்டிய வருடங்கள் முழுக்கக் கறையான் வயிற்றில் போயிருந்தன. இரண்டாம் சனிக்கிழமை திருமணப் பதிவேடு. ஒரு மணி நேரம் புரட்டிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். “கலியாணம் பொண்ணோட ஊர்க் கோயில்லதான் நடக்கும். அவ எந்த ஊரு?”

“தெரியாதுங்க சாமி.”

“பேரும் தெரியாது, ஊரும் தெரியாது. நான் எதைம்மா தேடறது?”

திரும்பும்போது பஸ்ஸில் நான், போதும் அண்ணி, விட்டுவிடலாம் என்றேன். அதியமான்கோட்டை தாண்டும்வரை நீங்கள் காலிக் கூடைகளை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தீர்கள். பிறகு, “இன்னும் சனிக்கிழமை இருக்குதுங்களே” என்றீர்கள். எனக்கு உங்கள்மேல் கோபம்தான் வந்தது.

மறுநாள் பூசையில் ஓர் ஓலை வாசித்தார்கள். கலியாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு வாசிக்கிற அறிவிப்புதான், ஆனால் மாப்பிள்ளை மனைவியை இழந்தவர். “காலஞ்சென்ற இன்னாரின் கணவர்” என்று உபதேசியார் தொடங்கியதும், பெண்கள் பக்கத்திலிருந்து நீங்கள் திரும்பி என்னைப் பார்த்தீர்கள். பூசையில் நீங்கள் அப்படித் திரும்பி நான் பார்த்ததே இல்லை. வெளியே வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டீர்கள்.

“எனக்கு ஓலை வாசிச்சப்ப மூணு ஞாயிறும் அக்கா பேரைத்தான் மொதல்ல படிச்சாங்க, தம்பி. எனக்குக் கூசிப் போச்சு. எங்கம்மா பக்கத்துல தலையைக் குனிஞ்சுக்கிட்டே ஒக்காந்திருந்தேன். படிச்சவங்க எழுதியும் வெச்சிருப்பாங்கல்ல? நாம பெரியவ கலியாணத்தைத் தேடிக்கிட்டு இருக்கறோம். சின்னவ கலியாணத்தைத் தேடணுமுங்க.”

சூசையம்மாள் அந்தத் தாய்ப்பங்கு ஊர்க்காரிதான். செபப் புத்தகத்தில் அவள் கலியாண வருடமும் இருந்தது. இரண்டும் கையில் இருந்தும் பதினைந்து நாள் நமக்கு உறைக்கவில்லை.

மூன்றாம் சனிக்கிழமை அரை மணி நேரத்தில் சாமியாரின் விரல் ஒரு வரியில் நின்றது. தமிழில் சொன்னார்: “ராயப்பன். மதலேனம்மாளை இழந்தவர்.”

“இன்னொரு தடவை படிங்க சாமி.”

படித்தார்.

“வேற ஒண்ணும் இல்லீங்களா? அப்பன் பேரு, ஊரு?”

“இல்லம்மா. பேரு மட்டுந்தான்.”

“போதுங்க” என்றீர்கள். முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு, அந்த மேசை முன்னாலேயே மண்டியிட்டு அழுதீர்கள். மாமியார் பேச்சுக்கும் அண்ணன் கோபத்துக்கும் அழாத மனுஷி. பன்னிரண்டு அடித்தும் சாமியார் சாப்பிடப் போகாமல் அந்த வரியை ஒரு தாளில் எழுதி, முத்திரை போட்டுத் தந்தார்.

கருங்கல்லை எடுத்துவிட்டுச் சின்னதாக ஒரு சிமென்ட் சிலுவை வைத்தோம். ஈரம் காய்வதற்குள் சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பியால் நான் பெயரைக் கீறினேன். ‘ள்’ கொஞ்சம் கோணிவிட்டது என்று கடைசிவரை சொல்லிக் காட்டுவீர்கள். அந்தத் திருநாள் மாலையில் மைக்கில் “மதலேனம்மாள்” என்று வாசித்தபோது, ஒதுங்கி நின்றிருந்த அண்ணன் வந்து ஒரு மெழுகுவத்தி ஏற்றினார். மேடு தப்பித்தது.

பிறகு அண்ணனும் போனார். ஸ்டெல்லாவின் கல்லறையிலேயே அவரை வைக்கலாம் என்று சொந்தக்காரர்கள் பேசினார்கள். இருபது வருடத்துக்கு மேல் அவரோடு குடும்பம் நடத்தியவர் நீங்கள். நான் சண்டைக்கே போனேன். நீங்கள்தான் என்னை அடக்கினீர்கள்.

“அக்கா இத்தனை வருசமா தனியாக் கெடக்கறா. அவரு அங்கதான் இருக்கணும்.”

“அப்ப நீங்க?”

“ராயப்பன் பெரியவளை வுட்டுட்டு சின்னவகூடப் படுத்துக்கிட்டாரு. பெரியவளுக்கு யாரு இருக்கறா? நான் போனா ஒதுங்கி எடம் குடுப்பா.”

துக்க வீட்டில்கூட என்ன கேலி என்று நினைத்தேன். நீங்கள் போன அன்றுதான் அது கேலி இல்லை என்று உறைத்தது. பங்கு அலுவலகத்துக்குப் போய் மதலேனம்மாளின் கல்லறையைத் திறக்க வேண்டும் என்றேன். அங்கிருந்த இளைஞர் பதிவேட்டைப் பார்த்துவிட்டு, “இவங்க உங்க அண்ணிக்கு என்ன வேணுங்க சார்?” என்று கேட்டார். எனக்கு அன்று இருந்த மனநிலையில், “அதை அப்புறம் சொல்றேன். மொதல்ல குழியை வெட்டச் சொல்லுப்பா” என்று கத்திவிட்டேன். யாரும் தோண்டிவிடக் கூடாது என்று நாம் அலைந்து காத்த மேட்டை, நானே நின்று தோண்ட வைத்தேன். அந்த இளைஞருக்கு இன்றுவரை நான் பதில் சொல்லவில்லை.

சுண்ணாம்பு ஆறிவிட்டது. நாளை காலையில் போய் அடிக்க வேண்டும். கை நடுங்குகிறது, கறுப்பு பெயின்டில் எழுத்தை மட்டும் மகன் எழுதட்டும். ‘ள்’ கோணலாகவே இருக்க வேண்டும் என்று அவனிடம் சொல்லிவைத்திருக்கிறேன்.

திருநாளில் வாசிக்கிற சீட்டையும் எழுதிவிட்டேன். மதலேனம்மாள். ஸ்டெல்லா. அப்புறம் நீங்கள். இந்த வருடமும் உங்கள் பெயருக்கு முன்னால் வேறு பெயர்களைத்தான் படிப்பார்கள்.

இப்போது கூசாதில்லையா, அண்ணி?