மூன்றாம் ஓலையும் வாசித்தாயிற்று, அண்ணே

பர்மாவில் எந்த மண்ணுக்குள் இருக்கிறாய் என்று இன்றுவரை எனக்குத் தெரியாத என் அன்பு அண்ணனுக்கு,

உன் மகள் அருளம்மாவுக்கு வருகிற புதன்கிழமை கல்யாணம். நேற்றுப் பூசையில் சாமியார் கல்யாண அறிவிப்பான ஓலையை மூன்றாம் தடவையும் வாசித்துவிட்டார். இந்த விவாகத்துக்குத் தடை ஏதேனும் அறிந்தவர்கள் அறிவிக்க வேண்டும் என்று முதல் ஞாயிறு அவர் கேட்டபோது, கோயிலில் பாதிப்பேர் என்னைத்தான் திரும்பிப் பார்த்தார்கள். சந்தேகப் பிராணி என்று எனக்குப் பெயர் ஏற்பட்டுவிட்டது.

உனக்கு முதலிலிருந்து சொல்ல வேண்டும். நீ பட்டாளத்துக்கு ரயிலேறியபோது அவள் தவழ்ந்துகொண்டிருந்தாள். மறுவருடம் இளம்பிள்ளை வாதம் வந்து இடது கால் சூம்பிப்போயிற்று. அதை உனக்கு எழுதிப்போட்ட கடிதம் திரும்பி வந்தது. அதன் பின்னாலேயே உன் சேதியும் வந்தது. அண்ணியும் அதிக நாள் இருக்கவில்லை. பிள்ளை என் வீட்டில் வளர்ந்தாள்.

உனக்காகச் சர்க்கார் கொடுத்த பென்ஷன் அவள் பேருக்கு வந்தது. மற்றப் பிள்ளைகளுக்கு வயது வந்தால் நின்றுவிடும், கால் ஊனம் என்பதால் இவளுக்கு நிற்காது என்றார்கள். ஆனால் தாளில் ஒரு வரி இருந்தது: திருமணம் ஆகும்வரை.

அதனால் வருடத்துக்கு ஒருமுறை உத்திரமேரூர் ஆபீசில் அவள் ஆஜராக வேண்டும். உயிரோடு இருக்கிறாள், கல்யாணம் ஆகவில்லை என்று நான் கையெழுத்துப் போடுவேன். குமாஸ்தா அதோடு விடமாட்டார். கழுத்தைக் காட்டு, கால் விரலைக் காட்டு என்பார். தாலி இருக்கிறதா, மெட்டி இருக்கிறதா என்று பார்க்கத்தான். ஒரு தடவை இவள் கேட்டாள், "ரெண்டு காலும் காட்டணுமா சார், நல்ல காலு மட்டும் போதுமா?" அவர் அப்புறம் காலைப் பார்ப்பதை விட்டுவிட்டார்.

இப்போது என் சந்தேகத்துக்கு வருகிறேன். அவள் கக்கத்துக் கட்டை ஊன்றி நடப்பாள். அந்த டொக் டொக் சத்தம்தான் எங்கள் வீட்டுக் கடிகாரம். ஆறு மாதத்துக்கு முன்னால் ஒருநாள் அவள் என் பின்னால் வந்து நிற்கிறாள், சத்தமே இல்லை. பார்த்தால் கட்டையின் அடியில் ரப்பர். ஆயில் இன்ஜின் பெல்ட்டை வெட்டி, ஆணி வெளியே தெரியாமல் அடித்திருந்தது. ஈரத்தில் வழுக்காதாம்.

"யாரும்மா அடிச்சது?"

"மானாம்பதி சின்னப்பன். ரெட்டியார் கெணத்துல இன்ஜின் ரிப்பேருக்கு வந்தாரே, அவரு."

"நீ கேட்டியா?"

"கேக்கல. அவரே பண்ணிக் குடுத்தாரு."

கேட்காமல் ஒருவன் ஏன் செய்கிறான்? குளத்தில் கொக்கு ஒற்றைக் காலில் நிற்பதைப் பார்த்துத் தவம் செய்கிறது என்று வகுப்பில் பிள்ளைகள் சொன்னால், இல்லையப்பா, மீனுக்கு என்று திருத்தியே முப்பது வருடம் கழித்தவன் நான். அவன் பெண் கேட்டு வந்தபோதும் எனக்குக் கொக்கு ஞாபகம்தான். இரண்டு காலும் திடமான, கையில் தொழில் உள்ள ஒருவன் இவளை ஏன் கேட்கிறான்? பென்ஷன். வேறென்ன?

ஆகவே ஒரு பரீட்சை வைத்தேன். தாலி ஏறினால் பென்ஷன் நின்றுவிடும் என்று சொல்லி முகத்தைப் பார்த்தேன்.

"தெரியும் சார்," என்றான். "பொண்ணு கேட்டு வர்றதுக்கு முந்தியே ஆபீசுக்குப் போய்க் கேட்டுக்கினு வந்துட்டேன்."

அண்ணே, பாஸாகிவிட்டான் என்று நீயானால் சொல்லியிருப்பாய். எனக்குச் சந்தேகம் இரண்டு மடங்காயிற்று. பெண் கேட்பதற்கு முன்னால் ஆபீசுக்கு ஏன் போனான்?

ஆனால் அருளம்மா சம்மதித்துவிட்டதால் ஓலை கொடுத்தாயிற்று. முதல் ஓலை வாசித்த மறுநாள் நானே பஸ் ஏறி ஆபீசுக்குப் போனேன். குமாஸ்தா சிரித்தார். "ஆமா வாத்தியாரே, ஒருத்தன் வந்தான். கல்யாணம் ஆனா நின்னுடுமான்னான். ஆமான்னேன். நின்னது திரும்ப வருமான்னான். புருசன் செத்தா வருமா, தொரத்தி வுட்டா வருமான்னு குடையுறான். வராதுப்பான்னேன்."

"அப்புறம்?"

"நான்தான் ஒரு வழி சொன்னேன். தாலி கட்டாத வூட்ல வெச்சிக்கோ, யாரு பாக்கப்போறா? வாத்தியாரு கையெழுத்து இருந்தா போதுமேன்னு. அதுக்கு மொறச்சுக்கினு போயிட்டான். பேஜாரு புடிச்ச ஆளு."

துரத்திவிட்டால் வருமா என்று கல்யாணத்துக்கு முன்பே கேட்கிற மாப்பிள்ளையை நீ எங்கேயாவது கண்டதுண்டா? நேரே வீட்டுக்கு வந்து அருளம்மாவிடம் சொன்னேன். அவள் முறத்தில் அரிசி பார்த்துக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவில்லை.

"நான்தான் கேட்டுக்கினு வரச் சொன்னேன், சித்தப்பா."

"நீயா?"

"பின்ன? காலு நல்லா கீற பொண்ணுங்களே புருசன் வூட்ல இன்னா பாடு படுதுங்க, பாக்கல? இது எங்க நைனா வுட்டுட்டுப் போனது. வுடறதுக்கு முந்தி கேட்டுக்க வேணாமா?"

"அவன் மேலே உனக்கே சந்தேகம் இருக்குதுல்ல?"

"கீது. ஆனா அவரு மேல மட்டும் இல்ல." முறத்தைக் கீழே வைத்தாள். "ஓரிக்கையிலேர்ந்து ஒருத்தரு கேட்டு வந்தாராமே, போன வருசம். எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லாத ஏன் திருப்பி அனுப்புனீங்க?"

என் மனைவி அடுப்படியில் பாத்திரத்தை வைக்கிற சத்தம் நின்றுவிட்டது.

உண்மைதான் அண்ணே. திருப்பி அனுப்பினேன். அவனும் பென்ஷனுக்காக வந்தவன் என்று எனக்கு நானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டேன். அவன் அப்படிப்பட்டவனா என்று விசாரிக்கக்கூட இல்லை. அந்தப் பென்ஷன் எங்கள் உலையிலும்தான் விழுந்துகொண்டிருந்தது. நான் ரிடையர் ஆன பிறகு கொஞ்சம் அதிகமாகவே விழுந்தது. 'கல்யாணம் ஆகவில்லை' என்று வருடாவருடம் கையெழுத்துப் போட்ட விரல், ஆகாமலே இருக்கட்டும் என்றும் உள்ளூர நினைத்ததா? பரீட்சையில் பக்கத்துப் பையனைக் காட்டிக்கொடுக்கிற பிள்ளையின் பையைத்தான் நான் முதலில் சோதிப்பேன். என் பையை யார் சோதித்தார்கள்?

இரண்டாம் ஓலை வாசித்தபோது நான் தலை குனிந்தே இருந்தேன்.

இந்த வருட ஆஜர் இந்தச் சமயம் பார்த்து வந்து நின்றது. எனக்கு ஒரு யோசனை. செய்ததற்குப் பரிகாரம் என்றும் வைத்துக்கொள். கல்யாணத்துக்கு முன்னால் போய் ஆஜராகிவிட்டால் அது பொய்யில்லை. அடுத்த ஆஜர்வரை பென்ஷன் வந்துகொண்டிருக்கும், யாரும் கேட்கப்போவதில்லை.

"அந்த ஒரு வருசமும் யாரு வந்தாலும் நான் கழுத்த மூடிக்கினு இருக்கணுமா?" என்றாள். "காலத்தான் இத்தினி வருசமா மூடிக்கினு கீறேன். போதும் சித்தப்பா."

போன வெள்ளிக்கிழமை அவளே ஆபீசுக்கு வந்தாள். புதன்கிழமை எனக்குக் கல்யாணம், இதோடு நிறுத்திக்கொள்ளுங்கள் என்று தன் கையால் எழுதிக் கொடுத்தாள். குமாஸ்தாவுக்கே மனசு கேட்கவில்லை. "அவசரப்படாதம்மா" என்றார்.

"ஒண்ணு கேக்கறேன் சார். தாலி கட்டுனா இந்தக் காலு நேராயிடுமா?"

"புருசன் காப்பாத்துவான்னுதான் ரூல்ஸ் போட்டுக்கீறாங்க."

"காப்பாத்தலன்னா?"

"அது ரூல்ஸ்ல இல்லம்மா."

ரூல்ஸ் எழுதியவர்களுக்குப் புருஷன் மேல் அத்தனை நம்பிக்கை. ஒரு தடவைகூட அவன் கழுத்தையும் காலையும் பார்க்கமாட்டார்கள். உன் உயிருக்கு ஈடாக வந்தது, ஒரு மஞ்சள் கயிற்றில் எப்படித் தீர்ந்துபோகும்? நீ இருந்தால் யாரிடம் போய்க் கேட்டிருப்பாய்?

என்னால் ஆனது ஒன்றுதான். ரூல்ஸில் இல்லாததை முத்திரைத்தாளில் எழுதிவிட்டேன். வீட்டின் தெற்கு அறையும் கிணற்றில் பாதி உரிமையும் அருளம்மாவுக்கு, அவள் ஆயுள் உள்ளவரை. பத்திரம் எழுதுகிறவர் பழக்கத்தில் 'திருமணம் ஆகும்வரை' என்று ஆரம்பித்தார். அடிக்கச் சொன்னேன். அடித்த தாள் செல்லாது என்றார். புதுத் தாள் வாங்கி எழுதினோம்.

அதைக் கொடுத்தபோது அவள் இரண்டு தடவை படித்தாள். நான் கற்றுக்கொடுத்த படிப்புத்தானே, ஒரு வரி விடாமல் படித்தாள். பிறகு சின்னப்பனிடம் காட்டினாள். அவன் படித்துவிட்டு, "தெக்கு ரூம்பு ஒழுவுது சார், ஓடு மாத்திக் குடுங்க" என்றான். அவன் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. ஆனாலும் அண்ணே, ரொம்பப் பிடித்துப்போகிற மாப்பிள்ளையையும் நான் கொஞ்சம் தள்ளி நின்றே பார்ப்பேன்.

நேற்று மூன்றாம் ஓலைக்குச் சாமியார் தடை கேட்டபோது கோயில் அமைதியாக இருந்தது. பெண்கள் பக்கத்திலிருந்து அருளம்மா மட்டும் என்னைத் திரும்பிப் பார்த்தாள். எனக்குத் தும்மல் வந்தது. அடக்கிக்கொண்டேன்.

ரப்பர் தேயும், அண்ணே. எப்படியும் ஆறு மாதத்துக்கு மேல் வராது. தேய்ந்ததும் அவன் புதிது அடிக்கிறானா என்று பார்க்க நான் மானாம்பதிக்குப் போய்க்கொண்டே இருப்பேன், சொல்லாமல்தான் போவேன். என்றைக்காவது அந்த வீட்டு வாசலில் டொக் டொக் என்று கேட்டதோ, உன் மகள் வரச் சம்மதித்தால், அன்றே கூட்டிக்கொண்டு வந்துவிடுவேன். அதற்குள் தெற்கு அறைக்கு ஓடு மாற்றியிருப்பேன். இது உனக்கு நான் கொடுக்கிற வாக்கு.

உன் தம்பியும், அருளம்மாவுக்காக இனிமேல் கையெழுத்துப் போட வேண்டியிராத சித்தப்பனுமான,
அந்தோணிசாமி