ஒன்றரை அங்குலம் கூடுதலான கியூ

வாய்ச்சண்டைக்கு ஆளில்லாமல் என்னைத் தனியே விட்டுப் போன மனோ அண்ணனுக்கு,

இங்கே எல்லோரும் நலம். அண்ணி சும்பா வகுப்பில் சேர்ந்து இளைத்துவிட்டார். நீ காரை இரட்டை வரிசையில் நிறுத்திவிட்டு ஸ்னூக்கர் சென்டருக்கு ஓடுவாயே, பிரிக்ஃபீல்ட்ஸ் கடைவரிசைக்கு முன்னால், அங்கே இப்போது இரும்புக் கம்பி நட்டுவிட்டார்கள். நீ இருந்தால் உன்னைக் குறி வைத்துத்தான் நட்டார்கள் என்று புகார் எழுதியிருப்பாய்.

இந்தக் கடிதம் உன் ஸ்னூக்கர் கோலை, அந்தக் கியூவைப் பற்றியது. ஆறு வருடமாக நாம் போட்ட சண்டைக்கு ஒரு முடிவு கிடைத்திருக்கிறது. அதை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது?

கிள்ளானில் ஒருவர் ஆளுக்கு அளவெடுத்துக் கியூ செய்கிறார் என்று கேள்விப்பட்டு, நீ பித்துப் பிடித்தவன்போல் அலைந்தது நினைவிருக்கிறதா? மரம் பார்த்து, எடை சொல்லி, அடிப்பக்கத்தில் கருங்காலி வைத்து உன் பெயரையும் பதித்து வாங்கி வந்தாய். அந்த விலைக்கு ஒரு நல்ல கப்சாய் மோட்டார் சைக்கிளே வாங்கியிருக்கலாம் என்றேன். கியூ என்ன விலை என்று பந்துக்குத் தெரியுமா என்றும் கேட்டேன்.

"அடுத்தவன் சட்டைய இரவல் வாங்கிப் போட்டுக்கிட்டு கல்யாணத்துக்குப் போவியா நீ? கியூவும் அப்படித்தான் லா" என்றாய்.

நான் சென்டரின் பொதுக் கியூவை விடவில்லை. சுவரில் ஏழாவதாக நிற்கும், கைப்பிடியில் சிவப்பு டேப் சுற்றியது. லேசாக வளைந்த கியூதான். ஆனால் அதை வைத்துத்தான் உன்னை வாராவாரம் தோற்கடித்தேன். நீ தோற்கும்போதெல்லாம் உன் கியூப் பெட்டியைத் தடவிக்கொடுத்து, "பாவம், இன்னிக்கு இதுக்கு உடம்பு சரியில்லையா?" என்று கேட்பேன். நீ கியூ நுனியில் சாக்கட்டியைத் தேய்த்துக்கொண்டிருப்பாய். அந்தக் கேள்வியை எத்தனை தடவை கேட்டிருப்பேன் என்று இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

நமக்குள் இருந்த இன்னொரு தகராறையும் சொல்லிவிடுகிறேன், இதைப் படிப்பவர்களுக்கு விளங்க வேண்டும். நான் உன் தங்கை, ஆனால் உன்னைவிட உயரம். ஒன்றரை அங்குலம். அதை நீ ஒருநாளும் ஒத்துக்கொண்டதில்லை. குடும்பப் படம் எடுத்தால் ஒரு படி மேலே ஏறி நிற்பாய். படி இல்லையென்றால் ஷா ஆலம் தொழிற்சாலையில் போடும் அந்த ஒன்றரை அங்குலத் தடிப்புள்ள பூட்ஸோடு வந்து நிற்பாய். என் கல்யாணப் படத்தில் பட்டு வேட்டிக்குக் கீழே பூட்ஸ் தெரிகிறது. இன்றைக்கும் அதைப் பார்த்துச் சிரிக்காதவர் இல்லை.

போன மாதம் உன் முதல் திதி முடிந்தது. அண்ணி கியூப் பெட்டியை எடுத்து வந்து என் மடியில் வைத்தார். "இத துடைச்சி துடைச்சி எனக்கு என்ன ஆகப் போவுது, வசந்தி? செராஸ்ல ஒருத்தர் கேட்டாரு. கொடுத்துடலாமா சொல்லு" என்றார். கொடுத்துவிடலாம் என்று வாயெடுத்தேன். ஆனால் ஒரே ஒரு ஆட்டம் ஆடிப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று வாங்கி வந்தேன். எடுத்து ஆடினால் நீ ஜெயித்த மாதிரி ஆகிவிடுமே என்று வழியெல்லாம் யோசனை.

ஞாயிறு மதியம் சென்டரில் கூட்டமில்லை. நீ கியூ வாங்குவதற்கு முன்பே புதுக் கார்ப்பெட் போட்டார்களே, அதிலிருந்து சப்பாத்தைக் கழற்றிவிட்டுக் காலுறையோடுதான் ஆட வேண்டும் என்ற சட்டம் இன்னும் இருக்கிறது. குனிந்து முதல் பந்தை அடித்தேன். அண்ணா, அது என் கையில் அப்படியே உட்கார்ந்தது. பிடி, நீளம், தோளின் வாகு எல்லாம் எனக்கென்றே செய்தது போல இருந்தது. வாழ்க்கையில் இருபத்தெட்டுப் புள்ளியைத் தாண்டாதவள் அன்றைக்கு ஒரே மூச்சில் முப்பத்துநான்கு எடுத்தேன். பக்கத்து மேசைக்காரர் ஆடுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

உனக்கு அளவெடுத்த கியூ எனக்கு எப்படிப் பொருந்தும்? எனக்கு ஒன்றே ஒன்றுதான் தோன்றியது. என் அளவைச் சொல்லி எனக்காகத்தான் செய்திருக்கிறாய். என் வாய்க்குப் பயந்து கொடுக்காமலே வைத்திருந்திருக்கிறாய். கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு நன்றாக அழுதேன்.

மறுவாரமே கிள்ளானுக்குப் போனேன். கியூ செய்கிற பாலா அங்கிளின் வீட்டுக்குப் பின்னால்தான் அவருடைய பட்டறை. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எங்க அண்ணன் எனக்காக அளவு சொல்லிச் செஞ்சாரே, அதுக்கு நன்றி சொல்ல வந்தேன் அங்கிள்" என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு சிரித்தார் பார், மேசையைப் பிடித்துக்கொண்டு.

"உனக்காகவா? யாரும்மா சொன்னா? பூட்ஸோட வந்து அளவு கொடுத்தாரு லா உங்க அண்ணன்! கழட்டுங்க பாஸ், தரையில நின்னாத்தான் சரியா வரும்னு சொன்னேன். காலுறையில ஓட்டைன்னுட்டாரு."

உள்ளேயிருந்து ஆன்டியின் குரல் வந்தது. "எங்க வீட்ல பூசாரி கூட சப்பாத்த வாசல்ல விட்டுட்டுத்தான் வருவாரு. மொப் பண்ணது நானு!"

நான் அழுத அழுகையெல்லாம் வீண். முன்பின் தெரியாத ஒரு மனிதர் அளவு நாடாவைக் கையில் எடுத்ததும் நீ உயரமாகத் தெரிய ஆசைப்பட்டிருக்கிறாய். பூட்ஸ் கொடுத்த உயரத்துக்குக் கியூ செய்து வாங்கி, காலுறையோடு நின்று ஆறு வருடம் ஆடியிருக்கிறாய். தோற்காமல் என்ன செய்வாய்? இதெல்லாம் ஒரு பிழைப்பா, அண்ணா? நானும் சிரித்தேன். வயிறு வலிக்கச் சிரித்தேன்.

அங்கிள் பிறகு கியூவை வாங்கித் துணியால் துடைத்தார். "கியூ வாங்கி ஆறு மாசம் கழிச்சி இன்னொரு தடவ வந்தாரு. அன்னைக்கு செலிப்பர் போட்டுக்கிட்டு வந்து, அதையும் வாசல்ல விட்டுட்டுத்தான் உள்ள வந்தாரு. கொஞ்சம் நீளமா இருக்கு பாஸ்ன்னாரு. வெட்டிடலாம், அரை நாள் வேலைதான்னு சொல்லி பென்சில்ல கோடு கூடப் போட்டுட்டேன். அறுக்கற வாள எடுக்கறப்ப கையப் புடிச்சிட்டாரு."

"ஏன் அங்கிள்?"

"வேணாம் பாஸ், என் தங்கச்சி என்னைவிட உயரம், வெட்டிட்டா அவளுக்குப் பத்தாதுன்னாரு. இப்ப திட்டிக்கிட்டுத் திரியறா, ஒரு நாளைக்கு இதத்தான் எடுத்து ஆடுவா பாருங்கன்னாரு."

என் தங்கச்சி என்னைவிட உயரம். இதை என்னிடம் சொல்ல உனக்கு வாய் வரவில்லை, இல்லையா? கிள்ளான் வரைக்கும் போய், வெறுங்காலோடு நின்று, யாரோ ஒருவரிடம் சொல்லியிருக்கிறாய். அதன் பிறகு ஐந்து வருடத்துக்கும் மேல் கைக்கு ஒவ்வாத கியூவோடு ஆடி என்னிடம் தோற்றிருக்கிறாய். நானோ கியூவுக்கு உடம்பு சரியில்லையா என்று கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரு தடவையாவது நீ திருப்பித் திட்டியிருக்கக் கூடாதா?

சண்டையின் முடிவைச் சொல்கிறேன். அவ்வளவு விலை கொடுத்து அளவெடுத்த கியூ வாங்கலாமா என்று சென்டரில் இப்போது என்னைக் கேட்கிறார்கள். வாங்கலாம், ஆனால் சப்பாத்தைக் கழற்றிவிட்டு அளவு கொடுங்கள் என்கிறேன். கியூ ஆட்டத்தைக் கற்றுத் தராது. நல்ல கியூ கையில் இருந்தால் தவறுக்குப் பழிபோட ஆள் இருக்காது, அவ்வளவுதான். போன வாரம் சுலபமான கறுப்புப் பந்தைத் தவறவிட்டேன். ஏழாம் நம்பராக இருந்திருந்தால் அதன் வளைவைத் திட்டியிருப்பேன். இப்போது என்னைத்தான் திட்டிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

செராஸ்காரருக்கு வேண்டாம் என்று சொல்லியாயிற்று. அண்ணிக்கும் சந்தோஷம். உன் பெயருக்குப் பக்கத்தில் என் பெயரையும் பதித்துத் தருகிறேன் என்றார் அங்கிள். வேண்டாம், உன் பெயர் மட்டும் இருக்கட்டும் என்றேன்.

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன், அண்ணா. பாலா அங்கிள் சொன்னது எங்களுக்குள்ளேயே இருக்கும் என்று சொல்ல மாட்டேன், ஊருக்கே சொல்லிவிட்டேன். ஆனால் இனி யாராவது கல்யாணப் படத்தைக் காட்டி, உங்கள் இருவரில் யார் உயரம் என்று கேட்டால், பூட்ஸைப் பற்றிப் பேச மாட்டேன். படத்தில் இருப்பதை அப்படியே சொல்வேன்.

இப்படிக்கு,
உன் உயரமே இருக்கும் உன் தங்கை,
வசந்தி